மழை ஊரில் ஒரு ஸ்பானிய முற்றம்: பின்கட்டும் முற்றமும் புதிதாகக் கட்ட முழுமையான வழிகாட்டி

தென் ஸ்பெயினிலுள்ள கோர்தோபா நகரில் ஆண்டுக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சிங்கப்பூரில் 2,100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. ஆண்டில் சராசரியாக 171 நாள் மழை. ஸ்பானிய பாணியில் முற்றமும் பின்கட்டும் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது. வெள்ளைச் சுவர், வளைந்த ஓடு, பூப்போட்ட தரை, நடுவில் சின்ன நீர்த்தொட்டி என்று படத்தில் பார்த்ததை அப்படியே இங்கே இறக்கினால், இரண்டு வடகிழக்குப் பருவமழை தாண்டுவதற்குள் சுவர் பாசி பிடித்துவிடும், கதவு உப்பி மூடாமல் போகும், தொட்டியில் கொசு குடியேறிவிடும்.

தரைவீடுகளுக்கு வரைபடம் வரைவதும் வேலையிடத்தில் நின்று வேலை வாங்குவதும் என் தொழில். இந்தப் பாணியில் இதுவரை நான்கு முற்றங்கள் கட்டியிருக்கிறேன். முதலாவது சிராங்கூன் கார்டன்சில் என் அக்காவின் செமி-டி வீட்டில், அதாவது ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டிய வீட்டில். அத்தான் கோர்தோபா போய்வந்ததிலிருந்து அதே நினைப்பாக இருந்தார். அந்த வீட்டில் நடந்த தவறுகளும், அவற்றைச் சரிசெய்தபோது கற்றுக்கொண்டதும் இந்த வழிகாட்டியில் பாதி இடத்தைப் பிடிக்கும்.

முதல் படி: எதைக் கட்டப்போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்பெயினில் முற்றத்துக்குப் பாத்தியோ என்று பெயர். வீட்டு நடுவே வானம் தெரிய இடம் விட்டுக் கட்டும் பழக்கம் ரோமானியர் காலத்தது. பின்னால் வந்த அரபு ஆட்சிக்காலத்தில் அதற்குள் ஓடும் நீரும் செடியும் நிழலும் சேர்ந்தன. தண்ணீர் தொடர்பான ஸ்பானிய சொற்களிலேயே இந்தக் கதை இருக்கிறது. மழைநீர்த் தொட்டி அல்ஹிபே, வாய்க்கால் அசேக்கியா, குளம் அல்பெர்க்கா. மூன்றும் அரபியிலிருந்து வந்தவை. கிரனாடாவின் அல்ஹம்ப்ரா அரண்மனையில் 14ஆம் நூற்றாண்டில் எழுந்த சிங்க முற்றம் இந்த மரபின் உச்சம் என்றால், கோர்தோபாவின் சாதாரண வீட்டு முற்றங்கள் அதன் அன்றாட முகம். அங்கே முற்றங்களுக்கான போட்டி 1921இல் தொடங்கியது. 2012இல் யுனெஸ்கோ அந்த முற்றத் திருவிழாவைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. சுவர் முழுக்கத் தொங்கும் பூந்தொட்டிகளுக்கு, நீளக் கழியின் நுனியில் தகரக் குவளையைக் கட்டி, தரையில் நின்றபடியே தண்ணீர் ஊற்றுவார்கள்.

இந்த வீட்டின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் நமக்கு ஏற்கெனவே பழக்கமானவை. தெருக்கதவுக்கும் முற்றத்துக்கும் நடுவே ஓர் இருண்ட நடை இருக்கும்; சாகுவான் என்பார்கள். தஞ்சாவூர் வீட்டு ரேழிதான் அது. முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் வரிசையும் சரிவுக் கூரையும் நம் தாழ்வாரம். மரத்தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்க இரண்டு பக்கமும் நீளும் செதுக்குக் கட்டை அவர்களுக்குச் சபாத்தா, நமக்குப் போதிகை. சுவரில் சாமி சிலை வைக்கும் குழிவு நம் விளக்கு மாடம். தேஹா என்னும் வளைந்த ஓட்டை நம் ஊர் நாட்டு ஓட்டோடு பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றே சொல்லுவீர்கள்.

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. வேலையிடத்தில் இது பயன்படுகிறது. புதுக்கோட்டையிலிருந்து வந்த தச்சரிடம் ஸ்பானியப் படத்தைக் காட்டி விளக்குவதைவிட "போதிகை வேணும், ஆனா பூ வேலை வேண்டாம், ரெண்டு பக்கமும் வளைச்சு விடுங்க" என்றால் வேலை முடிந்தது.

வேறுபாடு ஒன்றையும் மறக்கக்கூடாது. நம் வீடு திண்ணை வைத்துத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். தென் ஸ்பெயினின் அந்தலூசிய வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். வெளிச்சுவரில் சின்னச் சின்ன சன்னல்கள்தான் இருக்கும், அழகெல்லாம் உள்ளே. ஸ்பானிய உணர்வு வேண்டும் என்றால் வெளிப்பக்கம் அமைதியாக இருக்க வேண்டும். முகப்பில் நான்கு வளைவும் கம்பி வேலையும் ஓட்டுத் தொப்பியும் வைத்த வீடு ஓட்டல் மாதிரி தெரிவது இதனால்தான்.

புதிதாகக் கட்டிய கட்டடம் பழமையாக நிற்குமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பரா. 1925இல் நிலநடுக்கம் வந்து ஊரின் நடுப்பகுதி சேதமானது. மீண்டும் கட்டியபோது ஸ்பானிய பாணியையே ஊரின் முகமாக வைத்துக்கொண்டார்கள். 1929இல் முடிந்த அந்த ஊர் நீதிமன்றத்தைப் பார்த்தால் பல நூறு ஆண்டு பழைய கட்டடம் என்றே தோன்றும். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றுபோல் இருக்காது, சன்னல்கள் ஒரே அளவில் இருக்காது. பல தலைமுறைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது போன்ற அந்த ஒழுங்கின்மையைத் திட்டமிட்டே வரைந்திருக்கிறார்கள். நீங்களும் பின்கட்டை வரையும்போது அதற்கு ஒரு கற்பனை வரலாறு கொடுத்துப் பாருங்கள். முதலில் ஒரு சமையற்கட்டு இருந்தது, பிறகு பக்கத்தில் ஓர் அறை சேர்ந்தது, கடைசியாகத் தாழ்வாரம் வந்தது என்று நினைத்துக்கொண்டு வரைந்தால் கூரையின் உயரங்கள் தாமாகவே மாறும்.

இரண்டாம் படி: நிலமும் அனுமதியும்

சிங்கப்பூரில் செமி-டி வீட்டுக்குக் குறைந்தபட்ச நிலம் 200 சதுர மீட்டர், தனி வீட்டுக்கு 400. அந்த அளவில் அல்ஹம்ப்ரா வராது, ஆனால் ஒரு நல்ல முற்றம் வரும். அக்கா வீட்டு முற்றம் நாலரை மீட்டருக்கு ஐந்து மீட்டர். ஒரு பக்கம் வீடு, இரண்டு பக்கம் எல் வடிவத்தில் பின்கட்டு, நான்காவது பக்கம் மதில். இந்த அமைப்புத்தான் சின்ன நிலத்துக்குச் சிறந்தது. பின்கட்டு 3 மீட்டர் அகலம் இருந்தால் போதும். கனமான சமையலுக்கு ஒரு சமையலறை, பெற்றோர் வந்தால் தங்க ஓர் அறை, ஒரு குளியலறை அடங்கிவிடும்.

எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு விலக வேண்டும், எவ்வளவு உயரம் போகலாம் என்பது வீட்டின் வகையையும் இடத்தையும் பொறுத்தது. இதற்கு நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிகளும், கட்டமைப்புக்குக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியும் உண்டு. பதிவுபெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர் மூலம்தான் போக வேண்டும். அவரை வரைபடம் முடிந்த பிறகு தேடாதீர்கள், முதல் கோடு போடும் முன்பே உட்கார வையுங்கள். பெரிய மரம் இருந்தால் அதையும் காட்டுங்கள். மரப் பாதுகாப்பு வட்டாரங்களில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். எப்படியும் அந்த மரத்தை வெட்டாதீர்கள். புதுக் கட்டடத்துக்கு வயதைக் கொடுப்பதில் ஒரு பழைய மரத்துக்கு ஈடு எதுவும் இல்லை.

மூன்றாம் படி: தண்ணீர் போகும் வழியை முதலில் வரையுங்கள்

சுவரையும் அறையையும் வரைவதற்கு முன் வெள்ளைத் தாளில் நீல நிறத்தில் தண்ணீரை வரைகிறேன். அக்கா வீட்டில் அதைச் செய்யவில்லை. நடுவில் ஒரே ஒரு வடிகால் துளை வைத்து, அழகான பித்தளைச் சல்லடை போட்டோம். டிசம்பரில் ஒரு நாள் இரவு முழுக்க மழை. ஈழத்தலரி மரத்துப் பூவும் இலையும் சல்லடையில் படிந்து அடைத்துக்கொண்டன. விடியற்காலை நான்கு மணிக்கு அக்கா போன் செய்தார், "தம்பி, கூடத்துல தண்ணி நிக்குதுடா" என்று. தேக்குப் பலகைத் தரை ஒரு வாரத்தில் வள்ளம் போல வளைந்தது. அந்தப் பிழை முழுக்க என்னுடையது.

கணக்கு எளிது. ஒரு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை என்று வையுங்கள். 20 சதுர மீட்டர் முற்றத்தில் நேரடியாக விழுவது 2,000 லிட்டர். ஆனால் சுற்றிலும் உள்ள கூரைகள் உள்பக்கம் சரிந்து, அவை 60 சதுர மீட்டர் என்றால், மொத்தம் 80 சதுர மீட்டரின் தண்ணீர் அந்த முற்றத்துக்கு வருகிறது: 8,000 லிட்டர். ஒரு துளை எந்த மூலைக்கு?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். முற்றத்தின் தரை, தாழ்வாரத் தரையைவிட ஒரு படியாவது தாழ்ந்திருக்கட்டும். 150 மில்லிமீட்டருக்குக் குறையாமல். நம் பழைய வீடுகளில் முற்றம் குழிவாக இருந்தது சும்மா இல்லை. தரைக்கு 80க்கு 1 வாட்டம் கொடுங்கள், அதாவது 4 மீட்டர் ஓட்டத்தில் 50 மில்லிமீட்டர் இறக்கம். நடுவிலிருந்து நான்கு ஓரத்துக்கும் வாட்டம் போகட்டும். ஓரங்களில், கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு நேர் கீழே, சுற்றிலும் ஒரு வாய்க்கால். மேலே கருங்கல் பலகை. பலகைகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி. வெளியேறும் வழி குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், ஒன்று அடைத்தால் மற்றது வாங்கிக்கொள்ள. பலகைகள் ஓர் ஆள் தூக்கும் கனத்தில் இருந்தால்தான் மாதம் ஒருமுறை திறந்து கழுவுவீர்கள். எங்கும் நீர் தேங்கக்கூடாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமே போதும்.

கூரை விளிம்பில் தகரக் கால்வாய் வைக்கச் சொல்லிக் காண்டிராக்டர்கள் வற்புறுத்துவார்கள். முற்றப் பக்கம் வேண்டாம். உயரத்தில் இருக்கும் கால்வாயை யாரும் பார்ப்பதில்லை, இலை மக்கி அங்கேதான் கொசு வளர்கிறது. கூரையிலிருந்து மழை நேராகக் கண்ணெதிரே திரையாக விழட்டும். அதைப் பார்ப்பதற்குத்தானே முற்றம் கட்டுகிறோம்.

நான்காம் படி: வெயிலும் காற்றும்

இங்கேதான் ஸ்பெயினின் சூத்திரம் சிங்கப்பூரில் வேலை செய்யாது. கோர்தோபாவில் ஜூலைப் பகல் 36, 37 டிகிரி, இரவு 20க்குப் பக்கத்தில் இறங்கும். கனமான சுவர் இரவுக் குளிர்ச்சியைப் பிடித்து வைத்துப் பகலில் தருகிறது. நமக்கு இரவிலும் 24, 25 டிகிரி. கனச்சுவரால் இங்கே குளிர்ச்சி வராது. நமக்குக் கிடைப்பது நிழலும் காற்றோட்டமும்தான்.

நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே, சுமார் 1.3 டிகிரி வடக்கில் இருக்கிறோம். மார்ச், செப்டம்பர் மாதங்களில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கடிகாரப்படி உச்சிப்பொழுது பகல் 1 மணியை ஒட்டி. முற்றத்தை எந்தத் திசையில் திருப்பினாலும் உச்சி வெயில் உள்ளே விழும். சுவர் நிழலை நம்ப முடியாது. மேலேயிருந்து நிழல் வேண்டும். ஸ்பெயினில் கோடையில் முற்றத்துக்கு மேல் துணிக் கூடாரம் இழுத்துவிடுவார்கள். இங்கே துணி ஒரு மழைக்குத் தாங்காது. ஒரு மரம், அல்லது கொடி ஏறும் மரப்பந்தல் போதும். முற்றத்தில் கால்வாசி இடத்துக்கு மேல் மூடிவிட வேண்டாம். வானம் தெரியாவிட்டால் அது முற்றமே இல்லை.

காற்று இங்கே ஆண்டின் ஒரு பாதியில் வடக்கு, வடகிழக்கிலிருந்தும் மறுபாதியில் தெற்கு, தென்கிழக்கிலிருந்தும் வரும். பின்கட்டின் அறைகளுக்கு வடக்கு-தெற்கு வாக்கில் எதிரெதிர்த் திறப்புகள் வையுங்கள். சன்னல் வைக்க முடியாத இடத்தில் சுவரின் மேற்பகுதியில் சுடுமண் துளைக்கற்கள் கட்டுங்கள். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளுக்குள் போனால் நடுவே வானம் பார்த்துத் திறந்த ஒரு காற்றுக்கிணறு இருக்கும். அங்கே நின்று பாருங்கள், காற்று எங்கே நுழைந்து எங்கே ஏறுகிறது என்று தோலில் தெரியும். நான் வரையும் முன் வாடிக்கையாளரை அங்கே ஒருமுறை கூட்டிப்போவதுண்டு.

ஏசியின் வெளி இயந்திரத்தை முற்றத்துக்குள் வைக்காதீர்கள். ஒரே ஓர் இயந்திரம் ஊதும் அனல் போதும், முற்றம் அடுப்படியாகிவிடும்.

ஐந்தாம் படி: கூரை

ஸ்பெயினின் ஓட்டுக் கூரை படிந்திருக்கும்; 20 டிகிரிக்கு முன்பின். இங்கே 25க்குக் குறையாமல் வையுங்கள். ஒரு வரிசை ஓடு மல்லாந்தும் அதன்மேல் ஒரு வரிசை கவிழ்ந்தும் வரும் பழைய முறையே அழகு. ஆனால் ஓட்டுக்குக் கீழே பலகையும் நீர்புகாத விரிப்பும் கட்டாயம். விடியற்காலையில் வரும் சுமத்ரா சூறைக்காற்று ஓட்டைத் தூக்கும். ஒவ்வோர் ஓட்டையும் துருப்பிடிக்காத கம்பியால் கட்டச் சொல்லுங்கள். "ஓர வரிசை மட்டும் போதும்ணே" என்பார்கள். விடாதீர்கள்.

பழமை நிறத்திலிருந்து வருகிறது. தொழிற்சாலையிலேயே கறை அடித்து விற்கும் ஓடுகளைத் தவிருங்கள். ஒரே கறை எல்லா ஓட்டிலும் வரும்போது பொய் தெரிந்துவிடும். மூன்று சூளை நிறங்களை வாங்கி, தரையிலேயே கலந்து குவித்து, கைக்கு வந்ததை ஏற்றச் சொல்லுங்கள். ஆறு மாத மழையில் மீதியைச் சிங்கப்பூர் பார்த்துக்கொள்ளும்.

ஸ்பானிய வீட்டில் கூரை சுவரைத் தாண்டி அதிகம் நீளாது. அந்தக் கச்சிதம் அழகுதான், ஆனால் இங்கே சுவர் நனைந்துகொண்டே இருக்கும். முற்றப் பக்கம் தாழ்வாரம் சுவரைக் காக்கிறது. வெளிப்பக்கம் 750 மில்லிமீட்டராவது நீட்டி, கை மரங்களின் நுனியை வெளியே தெரிய விடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் ஸ்பெயினை விட்டுக்கொடுத்து, மழைக்குப் பணிந்து போகலாம்.

ஆறாம் படி: சுவர்

பழைய வீட்டின் சுவர் அரை மீட்டருக்கு மேல் கனம். அதை முழுக்கக் கட்டினால் சின்ன நிலத்தில் அறையே மிஞ்சாது. கனம் கண்ணுக்குத் தெரிவது கதவு, சன்னல் இடங்களில் மட்டும்தான். அங்கே மட்டும் இரட்டைச் செங்கல் வைத்து 350 முதல் 400 மில்லிமீட்டர் ஆழம் கொண்டுவாருங்கள். சன்னலைச் சுவரின் வெளி ஓரத்தில் பொருத்தினால் உள்ளே ஆழமான மேடை கிடைக்கும், ஒருவர் உட்காரலாம்.

பூச்சுத்தான் உயிர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வீட்டில் கொத்தனார் ஒருவர் வேலை பார்த்தார். முப்பது வயதிருக்கும், கை அவ்வளவு சுத்தம். மட்டக்கோலை இழுத்து, ரசமட்டம் வைத்துக் குமிழி நடுவில் நிற்கும்வரை விடமாட்டார். நான் போய், "மட்டக்கோலை எடுத்து வெச்சிடுங்க, வெறும் கரணையும் மணியாசும் போதும், சுவர் லேசா அலையட்டும்" என்றேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணே, கோணலா இருந்தா நாளைக்கு என் வேலைதான்னு சொல்லுவாங்க" என்றார். நியாயமான பயம். அவர் முதலாளியிடம் நானே பேசி, எழுதியும் கொடுத்தேன். அப்புறம் அவரிடம், அவர் பாட்டி வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சாந்தைக் கரணையில் அள்ளிச் சுவரில் அறைந்து, மணியாசு என்னும் தேய்ப்புப் பலகையால் வட்டம் வட்டமாகத் தேய்த்து, மூலை வந்ததும் கரணையைக் கீழே வைத்துவிட்டு ஈரச் சாக்கால் சுற்றிய உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக வழித்தார். அந்த மூலை முட்டைபோல உருண்டு வந்தது. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தபோது சுவர் முழுக்க மெல்லிய நிழல் மேடுகள். மொத்த வீட்டிலும் அந்தச் சுவரில்தான் எல்லாரும் கையை வைத்துப் பார்க்கிறார்கள்.

எந்த இயந்திரத்தாலும் எந்த அச்சு உருளையாலும் அது வராது. எனவே படத்தில் "சீரற்ற பூச்சு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஒரு சதுர மீட்டர் மாதிரி பூசச் சொல்லி, மாலை வெளிச்சத்தில் பார்த்து, அதன் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கொத்தனாருக்கும் அது பாதுகாப்பு.

நிறத்துக்குச் சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கித் திருப்பி விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டி, பின்னால் கொப்பளிக்கும். பழைய பெயிண்ட் இருக்கும் சுவர்மேல் சுண்ணாம்பு பிடிக்காது. அக்கா வீட்டு மதிலில் அப்படி அடித்து, மூன்றே மாதத்தில் செதில் செதிலாகக் கையோடு வந்தது. பெயிண்டை முழுக்கச் சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதாயிற்று. மழை நேராக அடிக்கும் சுவருக்குச் சுண்ணாம்பு தாங்காது என்று பட்டால் சிலிக்கேட் பெயிண்ட் போடலாம். அதுவும் மூச்சு விடும், மங்கலான கல் நிறம் தரும். பளிச்சென்ற வெள்ளையைத் தவிருங்கள். நம் வெயிலில் கண் கூசும், பாசியும் நாலு மடங்கு தெரியும். கொஞ்சம் காவி கலந்த சுண்ணாம்பு நிறம் இங்கே அழகாக மூப்படையும்.

ஏழாம் படி: தூண், வளைவு, கம்பி

வளைவு என்றால் ஸ்பானியம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அரை வட்ட வளைவுக்கு உயரம் வேண்டும். இடைவெளி 2.4 மீட்டர் என்றால் வளைவே 1.2 மீட்டர் உயரும், 1.8 மீட்டரில் தொடங்கினால் உச்சி 3 மீட்டருக்குப் போகும், அதற்கு மேல் சுவர், அதற்கு மேல் கூரை. ஒற்றைத் தளப் பின்கட்டின் தாழ்வாரத்தில் அது அடங்காது. நசுக்கி அடக்கினால் சப்பையாகத் தெரியும். வளைவை ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள், ரேழியிலிருந்து முற்றத்துக்குத் திறக்கும் வாயிலில். அது செங்கல்லில் கட்டிய உண்மையான வளைவாக இருக்கட்டும். இரண்டு பக்கக் கட்டும் கனமாக, குறைந்தது 450 மில்லிமீட்டர். பலகையை வளைத்து ஒட்டிய வளைவுக்கு ஓரம் கூர்மையாக இருக்கும், பாரம் தாங்காதது பார்த்தவுடன் தெரியும்.

மற்ற இடமெல்லாம் மரத்தூணும் போதிகையும் உத்திரமும். செங்கால், பாலாவ் போன்ற மலாயாக் கடுமரங்கள் இந்த ஈரத்துக்குப் பழகியவை, தேக்கும் சரி. தூணின் கால் மண்ணையோ ஈரத் தரையையோ தொடக்கூடாது. கூரையிலிருந்து விழும் நீர் தெறித்து அடிமரத்தைத்தான் முதலில் அரிக்கும், கறையானும் அங்கிருந்துதான் ஏறும். 300 மில்லிமீட்டர் உயரக் கருங்கல் பீடத்தின்மேல் நிறுத்துங்கள். செட்டிநாட்டு வீடுகளில் கல்லின்மேல் தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தரை போடும் முன் மண்ணுக்குக் கறையான் மருந்து அடிக்க மறக்காதீர்கள்.

முடிந்தால் ஒரு பழைய பொருளை முதலில் வாங்கி, அதன் அளவுக்கு வீட்டை வரையுங்கள். சாந்தா பார்பரா அருகே 1925இல் முடிந்த காசா தெல் எர்ரேரோ வீட்டின் உரிமையாளர், ஸ்பெயினிலிருந்து பழைய கதவுகளையும் கூரை மரங்களையும் கொண்டுவந்து வீட்டில் பொருத்தினார். நமக்குக் காரைக்குடி இருக்கிறது. அங்கே பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஒரு தேக்குக் கதவு, பூ வேலை குறைவாக உள்ளதாகப் பார்த்து எடுத்தால், அந்தலூசிய வாயிலில் அந்நியமாகவே தெரியாது. நிலையின் உயரம் ஐந்தே முக்கால் அடிதான் இருக்கும். குனிந்து போவது பிடிக்காதவர்கள் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

சன்னல் கம்பிகள் சுத்தமான இரும்பில், நேர்க்கோடாக, நடுவில் ஒரு முறுக்கு. துத்தநாகத்தில் முக்கியெடுத்த பிறகே கறுப்பு அடிக்க வேண்டும். கடலோர வட்டாரங்களில் இது இல்லாமல் இரண்டு ஆண்டு தாங்காது.

எட்டாம் படி: தரை

தாழ்வாரத்துக்கும் திறந்த முற்றத்துக்கும் ஒரே தரை போடாதீர்கள். ஸ்பெயினில் பூப்போட்ட சிமென்ட் ஓடுகள் உண்டு. நம் ஆத்தங்குடி ஓடு அதன் உறவு: கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊற வைத்து இறுகச் செய்வது. தாழ்வாரத்தில் அதைப் போடுங்கள்; வெறுங்காலில் நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும். மழை விழும் இடத்தில் போட்டால் நிறம் வெளுத்து, பாசி பிடித்து வழுக்கும். முற்றத்துக்குச் சொரசொரப்பான கருங்கல் அல்லது சுடுமண் கல். கிரனாடாவில் கறுப்பு வெள்ளைக் கூழாங்கற்களைச் செங்குத்தாகப் பதித்துக் கோலம் போடுவார்கள். நம் புள்ளிக்கோலத்தை அப்படியே கூழாங்கல்லில் பதிக்கலாம். மூன்றாவது வீட்டில் வாசற்படி முன்னால் ஒரு மீட்டர் சதுரத்தில் செய்தோம், பதினொரு நாள் வேலை.

வண்ணச் சுவர் ஓடுகளை, அவர்கள் அசுலேஹோ என்பதை, படிகளின் முகத்திலும் இருக்கையின் முதுகிலும் மட்டும் வைத்தால் போதும்.

ஒன்பதாம் படி: நீரும் செடியும்

நடு முற்றத்தில் ஊற்று வேண்டாம் என்பது என் கருத்து. இருக்கும் சின்ன இடத்தின் நடுவை அது பிடித்துக்கொள்ளும், ஐந்து பேர் உட்கார முடியாது. மதிலோரம் ஒரு சுவர்க்குழாய், கீழே கல் தொட்டி. தண்ணீர் ஒரு விரல் கனத்தில் விழுந்தால் போதும், ஓசை பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குப் போகக்கூடாது. பம்பு நின்றால் தொட்டியை வடிக்க அடியில் ஒரு திறப்பு வையுங்கள். ஊருக்குப் போகும்போது வடித்துவிட்டுப் போங்கள். நடுவில் ஏதாவது இருந்தே ஆக வேண்டும் என்றால் துளசி மாடம் வையுங்கள். அக்கா வீட்டில் இப்போது அதுதான் இருக்கிறது, வெள்ளைச் சுண்ணாம்பு மாடம், ஸ்பானிய முற்றத்துக்கென்றே செய்தது மாதிரி.

கோர்தோபாவின் ஜெரேனியமும் லாவெண்டரும் இந்தப் புழுக்கத்தில் அழுகிவிடும். காகிதப்பூ இங்கே வெயிலில் காய்ந்தால் கொத்துக் கொத்தாகப் பூக்கும். மணத்துக்கு மல்லிகை, அவர்களும் மல்லிகைதான் வைக்கிறார்கள். ஆரஞ்சு மரத்தின் இடத்தில் பெரிய சுடுமண் தொட்டியில் லிமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சை, கூடவே ஒரு கறிவேப்பிலை. தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

பத்தாம் படி: வெளிச்சம்

கூரையில் பதிக்கும் விளக்கு ஒன்றுகூட வேண்டாம். பாலஸ்டியர் சாலைக் கடைகளில் தேடினால் எளிய இரும்புக் கூண்டு விளக்குகள் கிடைக்கும். 2,700 கெல்வின் மஞ்சள் ஒளி, ஆள் உயரத்துக்குக் கீழே. சுவரில் நான்கைந்து மாடக்குழிகள் விட்டுக் கட்டுங்கள். தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் அவற்றில் அகல் ஏற்றினால், மேடு பள்ளமான அந்தச் சுவர் என்ன செய்கிறது என்று அன்றைக்குப் பார்ப்பீர்கள்.

கடைசிப் படி: வெள்ளையடிப்பு

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது நம் பழக்கம். ஆனால் சிங்கப்பூரில் சனவரி நடுவில் மழை இன்னும் விட்டிருக்காது. சராசரியாக மழை மிகக் குறைந்த மாதம் பிப்ரவரி. அதனால் தைப்பூசம் முடிந்து, மூன்று நாள் வானம் வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பாசியை நார் பிரஷால் தேய்த்துக் கழுவி, சுவரை நன்றாக நனைத்து, மேற்பரப்பு தண்ணீரை இழுத்துக்கொண்டதும் முதல் பூச்சு அடியுங்கள். கலவை பால் பதத்துக்கு மேல் கெட்டியாக இருக்கக்கூடாது. கெட்டியாக அடித்தால் காய்ந்து பொடியாக உதிரும். ஈரமாக இருக்கும்போது சுவர் ஒன்றுமே தெரியாது, நிறம் மறுநாள்தான் எழும், ஆகவே பதறி இன்னும் அள்ளி அப்பாதீர்கள். ஒரு நாள் விட்டு இரண்டாவது, இன்னொரு நாள் விட்டு மூன்றாவது. நேர் வெயிலில் அடிக்காமல், சுவரில் நிழல் விழும் பக்கமாக நகர்ந்துகொண்டே போங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை கட்டாயம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் நிறையத் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். மழை நேராக அடிக்கும் மதிலுக்கு ஆண்டுதோறும், தாழ்வாரத்துக்குள் இருக்கும் சுவருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.